புனித மலையின் பீர்த் தோட்டம்

மடம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது உள்ளத்தில் எழுவன பூசையும் பாராயணமும் அன்னதானமும் ஆகும். துறவியர் வாழும் மடம் ஒன்று தானே மது வடித்து, தன் வளாகத்திலேயே அதனை விற்கிறது என்று சொன்னால், நம்மில் பலர் முகம் சுளிப்பர். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு அத்துணை வியப்பு இராது. உஜ்ஜயினியில் காலபைரவருக்கு மதுவே நிவேதனமாதலை அவர்களுள் சிலர் நேரிலும் கண்டிருத்தல் கூடும். ஆயினும் அங்கே மது தெய்வத்திற்குரிய படையல். நாம் இங்குக் கூறப்போகும் இடத்திலோ அது துறவியரின் பிழைப்பு. இரண்டும் ஒன்றல்ல.

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவில், மியூனிக் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், அம்மர் ஏரியின் கீழ்க்கரையை அடுத்து ஒரு குன்று உள்ளது. ஆண்டெக்ஸ் என்பது அதன் பெயர். மக்கள் அதனைப் ‘புனித மலை’ என்றே அழைக்கின்றனர். ஏரிக்கரையிலுள்ள ஹெர்ஷிங் ரயில் நிலையத்தில் இறங்கி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு வழியே ஒரு மணி நேரம் மேல்நோக்கி நடந்தால் மடத்தை அடையலாம். பண்டு அங்கே ஒரு சிற்றரசர் குடியின் கோட்டை இருந்தது. அது அழிந்த பின்னர், 1388ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆலயத்தில் புனிதச் சின்னங்கள் கண்டெடுக்கப்பட்டன. யாத்திரிகர் திரளாக வரலாயினர். அவர்களைப் பேணுதற்கென்று 1455ஆம் ஆண்டில் பவேரியக் கோமகன் மூன்றாம் ஆல்பிரெக்ட், பெனடிக்ட் சபைத் துறவியரை அங்கே குடியமர்த்தினார்.

துறவியர் ஏன் பீர் வடித்தனர்? பெனடிக்ட் முனிவர் ஆறாம் நூற்றாண்டில் தம் சீடர்க்கு வகுத்த நெறிநூல், மடம் தன் உழைப்பால் வாழவேண்டும் என்றும், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே கருதி வரவேற்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. மது பற்றியும் அந்நூலில் ஓர் அதிகாரம் உண்டு. துறவிக்கு மது ஏற்றதன்று என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இக்காலத் துறவியரை அவ்வாறு இணங்கச் செய்ய இயலாமையால், அளவோடேனும் பருகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். மனித இயல்பை அறிந்த ஒருவரின் பேச்சாகவே இதனை நாம் கொள்கிறோம். அவர் பேசியது திராட்சை மதுவைப் பற்றி. குளிர் மிகுந்த வடபகுதிகளில் திராட்சை எளிதில் விளையாது; வாற்கோதுமை விளையும். ஆதலின் அங்கே பீர் அதன் இடத்தைப் பெற்றது. திரவம் நோன்பைக் கெடுக்காது என்ற கொள்கையால், தவக்காலத்தில் உணவு குறையும்போது சத்து மிகுந்த கெட்டிப் பீர் அவர்க்கு ஆகாரமாகவும் உதவிற்று.

இனி, தோட்டத்தின் கதைக்கு வருவோம். பவேரியாவில் 1539ஆம் ஆண்டு ஆணை ஒன்று, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் வடிக்கலாம் என்று விதித்தது. கோடையில் வடித்தால் சரக்குக் கெடும். கொதிகலன் அடுப்பால் தீ விபத்தும் நேரும். எனவே வசந்தத்தில் வடித்ததைக் கோடை முழுதும் காத்தல் வேண்டியதாயிற்று. வடிப்போர் ஆழமான நிலவறைகள் தோண்டினர். மேலே சரளைக்கல் பரப்பினர். அகன்ற இலையும் ஆழம் செல்லா வேரும் கொண்ட குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டனர். நிழலுள்ள இடத்தில் குளிர்ந்த பீர் கிடைத்தால் மக்கள் விடுவார்களா? விசுப்பலகைகள் வந்து சேர்ந்தன. மியூனிக் நகரத்து உணவு விடுதிக்காரர் தம் வாணிபம் கெடுவதாக முறையிட்டனர். 1812ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசேப்பு ஒரு சமரசம் செய்தார்: நிலவறைக்காரர் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு விற்கலாகாது. அதனால் மக்கள் கட்டுச்சோறு எடுத்துச் செல்லும் வழக்கம் வேரூன்றிற்று. உணவு விற்கும் தடை பின்னர் நீங்கியும் அவ்வழக்கம் நீங்கவில்லை. அண்டை வீட்டாரின் இரைச்சல் வழக்கால் மூடும் நேரம் குறுகியபோது, 1995ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் மியூனிக் வீதிகளில் ஊர்வலம் வந்தனர். 1999ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம், மரநிழலையும் சொந்த உணவைக் கொண்டுவரும் உரிமையையும் பீர்த் தோட்டத்தின் இலக்கணமாகவே எழுதி வைத்தது.

ஆண்டெக்ஸ் மடத்திற்கோ 1803ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. பவேரிய அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கைப்பற்றியது, துறவியர் வெளியேறினர். அதே ஆண்டில், பெனடிக்ட்பாயர்ன் என்ற மற்றொரு மடத்தின் நூலகத்தில் இடைக்காலப் பாடல்களின் சுவடி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் குடிப்பாடல்களும் உண்டு. அப்பாடல்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற கார்ல் ஓர்ஃப், 1982ஆம் ஆண்டில் மறைந்து, ஆண்டெக்ஸ் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது இடையே நினைக்கத்தக்கது. மன்னர் முதலாம் லூட்விக் 1846ஆம் ஆண்டில் இம்மடத்தை விலைக்கு வாங்கி, 1850ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் தாம் நிறுவிய புனித போனிஃபாஸ் மடத்திற்கு வாழ்வாதாரமாக அளித்தார். பண்ணையும் பீர்ச்சாலையும் மலைமேல். அவற்றின் வருவாயால் வாழும் துறவியர் நகரில். இந்த ஏற்பாடு இன்றளவும் நீடிக்கிறது. நகரத்து மடத்தில் வீடற்றோர்க்கு உணவும் உடையும் மருத்துவ உதவியும் வழங்கப்படுகின்றன.

மது விற்ற பணத்தில் அறமா என்ற வினா எழும். அதனை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். கரும்பழுப்பு நிறமுள்ள ‘டோப்பெல்பொக்’ என்னும் ஆண்டெக்ஸ் பீரில் ஆல்கஹால் 7 விழுக்காட்டிற்கும் மேல். ஒரு லிட்டர்க் குவளையில் அதனைப் பருகுவோர் எல்லாரும் பெனடிக்ட் முனிவரின் அளவை நினைப்பதில்லை. தள்ளாடி இறங்குவோரையும் மலைப்பாதை கண்டதுண்டு. அந்தக் குறையை வீடற்றோர் உண்ணும் உணவு கழுவிவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும் பிறர் கொடையை எதிர்நோக்காது தம் தொழிலால் வாழ்வோம் என்ற உறுதி மதிக்கத்தக்கதே. மடத்துப் பொருளைப் பிறரினும் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும், பேராசை புகலாகாது என்றும் அந்நெறிநூல் எச்சரித்திருக்கிறது.

யாத்திரிகர் இன்றும் வருகின்றனர். ஊர் ஊராகக் கொடியும் சிலுவையும் ஏந்தி, செபம் சொல்லிக்கொண்டு நடந்து வருவோர், முதலில் ஆலயத்தினுள் செல்கின்றனர். 1750களில் யோகான் பாப்டிஸ்ட் சிம்மர்மன் தீட்டிய வண்ண விதானத்தின் கீழே வணங்கி, தம் ஊர்ப் பெயரால் பெரிய மெழுகுவர்த்தியைக் காணிக்கையாக்குகின்றனர். நூற்றாண்டுகள் கடந்த அத்தகைய மெழுகுவர்த்திகள் அங்கே ஓர் அறையில் வரிசையாக நிற்கின்றன. அதன் பின்னரே படியிறங்கி, காலணியின் தூசியைத் தட்டிவிட்டு, விசுப்பலகையில் அமர்ந்து முள்ளங்கியையும் ரொட்டியையும் மூட்டையிலிருந்து எடுக்கின்றனர்.