இரண்டுமே விசிறிதானா?

"அப்பா, கம்ப்ரசர், டர்பைன் ரெண்டுமே விசிறி மாதிரிதானே இருக்கு? என்ன வித்தியாசம்?"

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள். மறுநாள் அவளுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நேர்காணல். விமானப் பொறியியல் படிக்க ஆசை.

எனக்குப் பழைய நினைவு வந்தது. விமான எஞ்சின் பணிமனையில் நான் சேர்ந்த முதல் வாரம், மேற்பார்வையாளர் மேசையில் இரண்டு பிளேடுகளை வைத்து, எது டர்பைனுடையது என்று கேட்டார். குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன். தவறு. "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். இங்கே ஊகத்துக்கு இடமில்லை" என்றார்.

மேசை விசிறியைப் போட்டு, அதன் முன்னால் ஒரு காகிதக் காற்றாடியைப் பிடித்தேன். விசிறி சுழன்று காற்றைத் தள்ளுகிறது. காற்று தள்ளுவதால் காற்றாடி சுழல்கிறது. கம்ப்ரசர் காற்றுக்கு ஆற்றலைக் கொடுக்கும்; டர்பைன் அதை வாங்கிக்கொள்ளும்.

விமான எஞ்சினில் கம்ப்ரசர் அழுத்திய காற்றில் எரிபொருள் எரிகிறது. அந்தச் சூடான வாயு டர்பைனைச் சுழற்ற, அதே தண்டில் இணைந்த கம்ப்ரசரும் சுழல்கிறது.

போயிங் 737 விமானங்கள் பலவற்றில் உள்ள சிஎஃப்எம்56-7பி எஞ்சினில், முகப்பு விசிறி நீங்கலாக, கம்ப்ரசருக்கு 12 அடுக்குகள், டர்பைனுக்கு 5தான்.

"ஏன் அவ்வளவு வித்தியாசம்?"

அழுத்தம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குக் காற்றைத் தள்ளுவது மேட்டில் வண்டி தள்ளுவதுபோல. சிறிது சிறிதாகத்தான் ஏற்ற முடியும். மீறினால் காற்று பின்னோக்கிப் பாயும். எஞ்சின் வெடிச்சத்தம் போடும். டர்பைனில் வாயு இறக்கத்தில் ஓடுகிறது. அதனால் சில அடுக்குகளே போதும்.

ஆனால் டர்பைனுக்கு வேறு சோதனை. முதல் அடுக்கில் மோதும் வாயுவின் வெப்பம், பிளேடின் உலோகம் உருகும் வெப்பநிலையையும் தாண்டும். நிக்கல் கலப்புலோகத்தில் செய்த அந்தப் பிளேடுகளில் பொடிப்பொடித் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே வந்து குளிரூட்டும் காற்றும் கம்ப்ரசரிலிருந்து எடுத்ததுதான்.

அன்று மேசையில் இருந்த ஒரு பிளேடிலும் அந்தத் துளைகள் இருந்தன. நான்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை மகள் வந்தாள். "நீங்க சொன்னது கேட்கவே இல்லைப்பா. வேற ஒண்ணு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"நல்லது செஞ்சே" என்றேன்.