பல எல்லைக் குற்ற வழக்குகள்

பல எல்லைக் குற்ற வழக்குகள் என்பது, ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட நீதிமன்றங்களின் எல்லைக்குள் தனித்தனியே குற்ற வழக்குகள் நிலுவையில் இருக்கும் நிலையைக் குறிக்கும். நீதிமன்றத்தின் அதிகார எல்லை சட்டத் தமிழில் ஆள்வரை எனப்படும். ஒரு வழக்கில் கைதாகி ஒருவர் சிறையில் இருக்கும்போது ஏனைய வழக்குகள் தாமாக அவருடன் வந்து சேர்வதில்லை. அவர் சிறையில் இருப்பது மற்ற நீதிமன்றங்களுக்குத் தெரியாமலே போகலாம். அந்நிலையில் அவர் தலைமறைவானவராகக் கருதப்படுவார். சிறையில் கழியும் நாட்களும் அவ்வழக்குகளில் கணக்கில் வாரா. ஆகவே ஒவ்வொரு நீதிமன்றத்திற்கும் செய்தியைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் வெளியில் இருக்கும் வாழ்க்கைத்துணையையோ பெற்றோரையோ சார்ந்துள்ளது.

இக்கட்டுரை இந்தியச் சட்டத்தில் இதற்குள்ள நடைமுறைகளைத் திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் 1974 ஏப்ரல் 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973 நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023 நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் ஏற்கனவே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் பழைய சட்டமே தொடர்கிறது. எனவே ஒரே கைதியின் ஒரு வழக்கு பழைய சட்டப்படியும் மற்றொன்று புதிய சட்டப்படியும் நடைபெறுவதுண்டு. கீழே புதிய சட்டத்தின் பிரிவு எண்ணும், அடைப்புக்குறிக்குள் பழைய பிரிவு எண்ணும் தரப்பட்டுள்ளன.

எந்தக் குற்றமும் அது நடந்த இடத்தின் மீது ஆள்வரை உடைய நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட வேண்டும் என்பது பொது விதி (பிரிவு 197, பழைய 177). குற்றத்தின் ஒரு பகுதி ஓரிடத்திலும் மறுபகுதி வேறிடத்திலும் நடந்திருந்தால் இரண்டில் எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாம் (பிரிவு 198; பழைய 178).

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதி

கும்மிடிப்பூண்டி வட்டம் தமிழ்நாட்டின் வடகிழக்கு முனையில், ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாட்டின் பிற மாவட்டத்தாருடன் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலத் தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைக் கடந்தால் சில கிலோமீட்டரில் ஆந்திராவின் தடா வந்துவிடும். அதற்கு அப்பால் சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் உள்ளன. இவை 2022 ஏப்ரலில் உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தவை.

வேலைக்கும் வணிகத்திற்கும் மக்கள் நாள்தோறும் இவ்வெல்லையைக் கடக்கின்றனர். ஆனால் சட்டத்தைப் பொறுத்தவரை எல்லைக்கு அப்பால் எல்லாமே வேறு: காவல்துறை வேறு, சிறைத்துறை வேறு, சட்டப்பணிகள் ஆணைக்குழு வேறு. மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்திற்கன்றி அமராவதியில் உள்ள ஆந்திர உயர் நீதிமன்றத்திற்குச் செல்கிறது. முதல் தகவல் அறிக்கையும் தெலுங்கில் இருக்கும்.

இப்பகுதிக்கு அண்மையில் உள்ள பெரிய சிறை புழல் மத்திய சிறை ஆகும். சென்னை மத்திய சிறைக்கு மாற்றாக 2006 இல் திறக்கப்பட்ட இவ்வளாகத்தில் தண்டனைக் கைதிகள், விசாரணைக் கைதிகள், பெண்கள் ஆகியோருக்குத் தனித்தனிச் சிறைகள் உள்ளன. பொன்னேரி நீதிமன்ற வழக்கில் புழலில் இருக்கும் ஒருவர் மீது சூளூர்ப்பேட்டையிலும் ஒரு வழக்கு இருப்பின், ஒரு நீதிமன்றத்தின் ஆணை மற்றொன்றின் கோப்பில் தானாக ஏறுவதில்லை.

பி. டி. வாரண்ட்

சிறையில் உள்ள ஒருவரை வேறொரு வழக்கிற்காக வரவழைக்க நீதிமன்றம் சிறைக் கண்காணிப்பாளருக்குப் பிறப்பிக்கும் ஆணை பேச்சு வழக்கில் பி. டி. வாரண்ட் எனப்படுகிறது. இப்பெயர் சட்டத்தில் இல்லை. இதற்கான அதிகாரம் பிரிவு 302 இல் (பழைய 267) உள்ளது. இரண்டாம் வகுப்புக் குற்றவியல் நடுவர் பிறப்பிக்கும் ஆணையில் தலைமைக் குற்றவியல் நடுவரின் மேலொப்பம் தேவை.

இவ்வாணை கைதியை நீதிமன்றத்திற்குக் கொண்டுவர மட்டுமே பயன்படும். இரண்டாவது வழக்கில் அவரைக் காவலில் வைக்க, அவ்வழக்கில் அவர் முறைப்படி கைது செய்யப்பட்டு, நடுவர் தனியே காவல் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒரு வழக்கில் நீதிமன்றக் காவலில் உள்ளவரை வேறு வழக்கில் கைது செய்வது பற்றி உச்ச நீதிமன்றம் அனுபம் குல்கர்னி வழக்கிலும் (1992), சென்னை உயர் நீதிமன்றம் கே. என். நேரு வழக்கிலும் (2011) விளக்கியுள்ளன.

சில சூழல்களில் சிறை அதிகாரி இவ்வாணையை நிறைவேற்றாமல், காரணத்தை எழுதி நீதிமன்றத்திற்கு அனுப்ப வேண்டும் (பிரிவு 304, பழைய 269). கைதி பயணம் செய்ய இயலாத நோய்நிலையில் இருப்பது, வேறு வழக்கில் விசாரணைக் காவலில் இருப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். வழிக்காவலுக்குப் போதிய காவலர் இல்லாமையும் நடைமுறையில் ஒரு தடையாகிறது. ஆகவே முதல் வழக்கின் வாய்தா நாளுடன் மோதாத ஒரு நாளை இரண்டாவது நீதிமன்றத்தில் கேட்பது வழக்கறிஞர்களின் வழக்கம்.

நாட்கள் எண்ணப்படும் முறை

பல வழக்குகள் உள்ள கைதிக்கு மிகுந்த இழப்பு ஏற்படுவது நாட்களின் கணக்கிலேயே ஆகும்.

* கட்டாயப் பிணை: பொதுவான குற்றங்களில், அவற்றின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிடில், கைதி பிணை கோரும் உரிமை பெறுகிறார் (பிரிவு 187, பழைய 167). அந்தந்த வழக்கில் முதல் காவல் ஆணை பிறந்த நாளில் இருந்தே இந்நாட்கள் எண்ணப்படும்.
* தண்டனைக் கழிவு: விசாரணையின்போது காவலில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும் (பிரிவு 468, பழைய 428). ஒரே காலத்தில் இரு வழக்குகளிலும் காவலில் இருந்தவருக்கு இரண்டிலும் இக்கழிவு உண்டு என்று உச்ச நீதிமன்றம் நஜாகத் அலி வழக்கில் (2001) தீர்ப்பளித்தது.
* தண்டனைகளின் வரிசை: ஏற்கனவே தண்டனை அனுபவிப்பவருக்கு வேறொரு வழக்கில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், இரண்டும் ஒரே காலத்தில் செல்லும் என நீதிமன்றம் ஆணையிட்டாலன்றி, முதலாவது முடிந்த பின்னரே இரண்டாவது தொடங்கும் (பிரிவு 467, பழைய 427). முதல் தண்டனையை இரண்டாம் நீதிமன்றத்திற்கு எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஜனவரி 1 இல் பொன்னேரி வழக்கில் சிறை செல்கிறார் எனக் கொள்வோம். சூளூர்ப்பேட்டை வழக்கில் அவர் ஆஜராகாததால் அங்கு பிடியாணை பிறக்கிறது. ஜூன் 1 இல்தான் பி. டி. வாரண்ட் மூலம் அங்கு கொண்டுசெல்லப்பட்டுக் காவலில் வைக்கப்படுகிறார். சிறையில் கழிந்த முதல் ஐந்து மாதங்கள் சூளூர்ப்பேட்டை வழக்கில் அவருக்கு உதவா. பொன்னேரி வழக்கில் பிணை கிடைத்தாலும் அவர் வீடு திரும்ப இயலாது. பிணை ஆணையுடன் குடும்பம் சிறை வாயிலில் காத்திருக்கும்போது, கைதி வேறு வழக்கிற்காக அழைத்துச் செல்லப்படுவது இவ்வாறே நிகழ்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. முதல் வழக்கில் பிணைப்பத்திரம் ஏற்கப்பட்டுவிட்டால், அதன்பின் சிறையில் கழியும் நாட்கள் அவ்வழக்கிற்கு உரியவை ஆகா. ஆகவே எல்லா வழக்குகளிலும் பிணை ஆணை கிடைக்கும் வரை பிணையாட்களை முன்னிறுத்தாமல் காத்திருப்பதும் உண்டு. இது வழக்கறிஞருடன் கலந்து எடுக்க வேண்டிய முடிவாகும்.

புதிய சட்டத்தின் கட்டுப்பாடு

மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்கள் (புதிய சட்டத்தில் ஆயுள் தண்டனைக் குற்றங்களும்) நீங்கலாக, அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விட வேண்டும் என்ற விதி 2006 இல் நடைமுறைக்கு வந்தது (பழைய 436அ). புதிய சட்டத்தின் பிரிவு 479, முன்பு எக்குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு இதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இச்சலுகை பழைய வழக்குகளில் உள்ளோருக்கும் பொருந்தும் என ஆணையிட்டது.

ஆனால் அதே பிரிவின் 2 ஆம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் உள்ளவருக்கு இச்சலுகை இல்லை என்கிறது. பழைய சட்டத்தில் இக்கட்டுப்பாடு இல்லை. எல்லைக்கு அப்பால் மறந்துபோன ஒரு சிறு வழக்குகூட இதனால் பெரிய தடையாகலாம். எனினும் பிரிவு 480, 483 ஆகியவற்றின்கீழ் வழக்கமான பிணை கோருவதற்கு இது தடையன்று.

பிணையாட்கள்

ஒவ்வொரு வழக்கிலும் இருவர் வீதம் பிணையாட்கள் கேட்கப்பட்டால், ஐந்து வழக்குகளுக்குப் பத்துப் பேர் தேவைப்படுவர். வேற்று மாநிலத் தொழிலாளியின் குடும்பத்திற்கு இது ஏறத்தாழ இயலாத செயல். இது குறித்த சில தீர்ப்புகள்:

* மோதி ராம் வழக்கு (1978): மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்குப் பிணையாளாக வந்த சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று நடுவர் ஏற்கவில்லை. அக்காரணம் ஏற்கத்தக்கதன்று என உச்ச நீதிமன்றம் கூறியது.
* ஹனி நிஷாத் வழக்கு (2018): 31 வழக்குகளுக்கும் ஒரே பிணைப்பத்திரம் போதும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.
* கிரிஷ் காந்தி வழக்கு (2024 ஆகஸ்ட் 22): கேரளம், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்களில் 13 வழக்குகள் கொண்ட ஒருவர், அனைத்திலும் பிணை பெற்றும் பிணையாட்கள் இன்றிச் சிறையிலேயே இருந்தார். ஒரே பிணையாட்கள் பல மாநில வழக்குகளுக்கும் நிற்கலாம் என உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

பிணை ஆணை பிறந்து 7 நாட்களில் கைதி வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியுள்ளது.

வழக்குகளை ஒன்றிணைத்தல்

ஒரே நிகழ்வு பற்றி இரண்டாவது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாகாது என்பது டி. டி. அந்தோணி வழக்கின் (2001) முடிவாகும். ஓராண்டிற்குள் நிகழ்ந்த ஒரே வகையான ஐந்து குற்றங்கள் வரை சேர்த்து விசாரிக்கப்படலாம் (பிரிவு 242); பழைய சட்டத்தில் (219) இவ்வெண்ணிக்கை மூன்று. ஒரே அமர்வுக் கோட்டத்திற்குள் வழக்குகளை இடம் மாற்ற அமர்வு நீதிமன்றத்தையும் (448), மாநிலத்திற்குள் மாற்ற உயர் நீதிமன்றத்தையும் (447), மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற உச்ச நீதிமன்றத்தையும் (446) நாட வேண்டும்.

செய்தியாளர் முகமது சுபைர் 2022 ஜூன் 27 இல் தில்லியில் கைதான பின், உத்தரப் பிரதேசத்தின் பல மாவட்ட வழக்குகளிலும் காவலில் வைக்கப்பட்டார். ஜூலை 20 இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்குகளில் பிணை வழங்கி, அவற்றைத் தில்லிக் காவல்துறைக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் ஊடகவியலாளர் சவுக்கு சங்கர் 2024 மே 4 இல் கோவைக் காவல்துறையால் தேனியில் கைது செய்யப்பட்டார். அவர் மீது பல மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. 1982 ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும் அவர் மீது ஏவப்பட்டது. அவருடைய தாயார் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின்மீது 2024 ஆகஸ்ட் 9 இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுப்புக் காவல் ஆணையை நீக்கியது.

ஒரு வழக்கில் சிறையில் இருப்பவர், இன்னும் கைது செய்யப்படாத மற்றொரு வழக்கில் முன்பிணை கோரலாம் என்று தன்ராஜ் அஸ்வானி வழக்கில் (2024 செப்டம்பர் 9) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அப்பால் வழக்கு இருப்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் இவ்வாய்ப்பு பயன்படும்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

* பட்டியல் தயாரித்தல்: ஒவ்வொரு வழக்கிற்கும் காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவுகள், நீதிமன்றம், அடுத்த வாய்தா ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்தல். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் 16 இலக்கத் தனி எண்ணைக் கொண்டு வழக்கின் நிலையை அறியலாம்.
* வக்காலத்து: ஒவ்வொரு நீதிமன்றத்திற்கும் தனி வக்காலத்து தேவை. கைதியின் கையொப்பத்தில் சிறை அதிகாரி சான்றளிப்பார். ஒரே சந்திப்பில் எல்லா வக்காலத்துகளிலும் கையொப்பம் பெற்றுக்கொள்வது பல பயணங்களைத் தவிர்க்கும்.
* அறிவித்தல்: கைதி எந்தச் சிறையில், எந்த நாள் முதல், எந்த வழக்கில் உள்ளார் என்பதை ஏனைய நீதிமன்றங்களுக்கு வழக்கறிஞர் மூலம் மனுவாகத் தெரிவித்து, பி. டி. வாரண்ட் கோருதல். பிடியாணை நிலுவையில் இருப்பின் அதைத் திரும்பப் பெறவும் மனு செய்யலாம்.
* இலவசச் சட்ட உதவி: சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 இன் பிரிவு 12 இன்படி, காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இதற்கு உரியவர். தேசிய உதவி எண் 15100. ஆந்திர வழக்கிற்கு அம்மாநில ஆணைக்குழுவே வழக்கறிஞரை அமர்த்தும்.
* பேச்சில் கவனம்: திருமண வாழ்க்கையின்போது கணவன் மனைவி தமக்குள் பகிர்ந்துகொண்டதை வெளியிடுமாறு சாட்சியாக அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023, பிரிவு 128). திருமணமாகாத துணைக்கு இப்பாதுகாப்பு இல்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களும் கூட்டரசும் மாநிலங்களுக்கிடையிலான ஓர் உடன்படிக்கையில் இணைந்துள்ளன. இதன்படி, தண்டனைக் கைதி ஒருவர் மீது வேறு மாநிலத்தில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்து, அம்மாநிலம் அவரை ஒப்படைக்குமாறு குறிப்பு அனுப்பியிருந்தால், அவ்வழக்கை 180 நாட்களுக்குள் விசாரிக்குமாறு அவரே கோரலாம். தவறினால் அவ்வழக்கு தள்ளுபடியாகும். இங்கிலாந்தில், குற்றவாளி தாமே ஒப்புக்கொள்ளும் பிற குற்றங்களையும் கணக்கில் கொண்டு ஒரே நீதிமன்றம் தண்டனை விதிக்கும் வழக்கம் உண்டு.

இந்தியாவில் கைதியின் கோரிக்கையில் இருந்து நாட்களை எண்ணும் இத்தகைய சட்டம் இல்லை. பி. டி. வாரண்ட் பிறப்பிப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. அதைக் கேட்டு முதல் மனு எந்த நாளில் தாக்கலாகிறது என்பதே, பல சமயங்களில், கைதி எந்த நாளில் வீடு திரும்புவார் என்பதை முடிவு செய்கிறது.

இவற்றையும் பார்க்க

* பிணை
* முதல் தகவல் அறிக்கை
* ஆட்கொணர்வு மனு
* புழல் மத்திய சிறை
* கும்மிடிப்பூண்டி