பச்சைத் துணிக்குப் பின்னால் ஒரு கதை!

கழுத்தில் பச்சைத் துணி. கைப்பையில் பச்சைத் துணி. பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் புத்தகப் பையிலும் அதே துணி!

தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜெண்டினாவில் 2018-ம் ஆண்டு பஸ்சிலும் ரெயிலிலும் இதுதான் காட்சி. கரை வேட்டியைப் பார்த்தால் கட்சி தெரிவதுபோல, இந்த முக்கோணத் துணியைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். "கருக்கலைப்பை சட்டம் அனுமதிக்க வேண்டும்" என்பவர்களின் சின்னம் அது. கூடாது என்பவர்கள் இளநீலத் துணி கட்டினார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாய்மார்களின் வெள்ளைத் துணி

1977-ம் ஆண்டு அங்கே ராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போன ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. "எங்க பிள்ளைங்க எங்கே?" என்று கேட்டு, தாய்மார்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, தலைநகர் பியூனஸ் அயர்சில் ஜனாதிபதி மாளிகை முன்பு சுற்றிச் சுற்றி வந்தார்கள். கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிதான் முதலில் அப்படித் தலைக்கு ஏறியது.

அதைப் பார்த்துத்தான் 2003-ல் ரொசாரியோ நகரில் நடந்த பெண்கள் மாநாட்டில் பச்சைத் துணி வந்தது. பச்சை என்றால் உயிர், நம்பிக்கை என்று அர்த்தம் சொன்னார்கள்.

துணியில் மூன்று கோரிக்கை

தீர்மானிக்க பாலியல் கல்வி. கருவைக் கலைக்காமல் இருக்க கருத்தடை சாதனம். சாகாமல் இருக்க சட்டப்படி கருக்கலைப்பு. இதுதான் துணியில் அச்சடித்த வாசகம்.

தடை போட்டால் கருக்கலைப்பு நின்றுவிடாது, திருட்டுத்தனமாக நடக்கும். காசு உள்ளவளுக்கு டாக்டர் கிடைப்பார். இல்லாதவளுக்கு உயிரே போகும்!

அமெரிக்காவில் கம்பி

அங்கே சின்னம், சட்டை மாட்டும் கம்பி. 1973-க்கு முன்பு பெரும்பாலான மாநிலங்களில் தடை. வழியில்லாத பெண்கள் அந்தக் கம்பியால் தாங்களே கருவைக் கலைக்கப் போய் செத்தார்கள். "அந்தக் காலம் வேண்டாம்" என்பதுதான் அதன் பொருள். 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த உரிமையை, 2022 ஜூன் 24-ந்தேதி அதே கோர்ட்டு பறித்தது. ஊர்வலங்களில் கம்பி படம் மறுபடி உயர்ந்தது. பச்சைத் துணியும் அங்கே போய்ச் சேர்ந்தது.

38-க்கு 29

அர்ஜெண்டினாவில் 2018 ஆகஸ்டில் மசோதா மேல்சபையில் தோற்றது. ஆதரவு 31, எதிர்ப்பு 38. வெளியே மழையில் நின்ற பெண்கள் அழுதார்கள். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை.

2020 டிசம்பர் 30-ந்தேதி அதிகாலை மறுபடி ஓட்டெடுப்பு. ஆதரவு 38, எதிர்ப்பு 29. 14 வாரம் வரை கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்றானது. விடிய விடியக் காத்திருந்த கூட்டம் பச்சைத் துணியை வீசி ஆடியது!