மலக்குழிக்குள் எத்தனை நிமிடம்? எண்ணியல் முறை கற்பிக்கும் உண்மை

2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் மாநகராட்சிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர் உயிரிழந்தனர். இத்தகைய மரணங்கள் நிகழும்போதெல்லாம், ‘மூடியைத் திறந்து சற்று நேரம் காத்திருந்தால் போதுமே’ என்ற பேச்சு எழுகிறது. எவ்வளவு நேரம் என்பது இயற்பியல் கேள்வி. அதற்கு விடை தேடக் கல்லூரியில் நாம் கற்கும் எண்ணியல் முறைகளே உதவும்.

ஒரு தொட்டியில் 100 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அதில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 500 பங்கு. மின்விசிறி நிமிடத்துக்கு 10 கன மீட்டர் தூய காற்றைச் செலுத்துகிறது. அது உடனே சீராகக் கலக்கிறது. அப்படியானால் நிமிடந்தோறும் வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும்: 500, 450, 405. மாற்றத்தை இவ்வாறு சிறு கால அடிகளாகக் கூட்டிச் செல்லும் வழியை ஆய்லர் 1768இல் வெளியிட்டார். கணினியில் இதற்குச் சில வரி நிரல் போதும்.

தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு 10 பங்கு. ஐந்து நிமிட அடியில் கணக்கிட்டால் 30 நிமிடத்தில் அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டதாகக் கணினி சொல்லும். ஒரு நிமிட அடியில் 38 நிமிடம். அடியை மேலும் சிறிதாக்கினால் விடை 39 நிமிடத்தைச் சற்றே தாண்டி நிலைக்கும். 30ஆவது நிமிடத்தில் உண்மையில் எஞ்சியிருப்பது 25 பங்கு. அடியைப் பாதியாக்கியும் விடை மாறாதிருக்கிறதா என்று சோதிக்காமல் எந்த விடையையும் நம்பலாகாது.

இனிச் சகதியையும் சேர்ப்போம். அதைக் கிளறும்போது நிமிடத்துக்கு 20 பங்கு வாயு புதிதாக வெளிப்படுமானால், அளவு 200க்குக் கீழே ஒருபோதும் இறங்காது. நாள் முழுதும் காத்திருந்தாலும் பயனில்லை. இவ்வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். ஏறத்தாழ 100 பங்கில் மூக்கு மரத்து, வாடையும் தெரியாமல் போகும். ஆகவே இக்கணக்கு இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அன்று; காத்திருப்பு பாதுகாப்பாகாது என்பதற்கான சான்று.

பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்த இழப்பீட்டை 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் குழிக்குள் இறக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் நம் மக்களே.

2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஆனையூரின் மாணவர்கள் பாடநூலில் காணும் ஆறும் தேநீர்க் கணக்கும் இதே சமன்பாடுதான். பைத்தான், ஆக்டேவ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த முறை ‘காற்றோட்டம் செய்தோம்’ என்று அதிகாரி சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று எண்களைக் கேட்போம்: தொட்டியின் கொள்ளளவு, விசிறியின் வேகம், வாயுமானி காட்டிய அளவு. மீதியை நாமே கணக்கிடலாம்.