உபயமா, கடனா? அனிஷ் கபூர் கோபுரத்தின் கணக்கு

சிற்பி அனிஷ் கபூரைப் பற்றி வந்த வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் நிற்கும் ஆர்பிட் கோபுரத்தை அவருடைய கண்காட்சிகளில் ஒன்றாகவே பலர் எண்ணுகிறார்கள். அதை எஃகு அதிபர் லட்சுமி மிட்டல் இனாமாகக் கட்டித் தந்தார் என்று சிலரும், மக்கள் வரிப்பணம் பாழானது என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். இரண்டு தரப்பும் பாதி சரி. பக்கம் இன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே கபூர் மும்பையில் பிறந்தது, 1991இல் டர்னர் பரிசு வாங்கியது, அவருடைய கண்ணாடிச் சிற்பங்கள் பார்ப்பவரைத் தலைகீழாகக் காட்டுவது எல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இடத்தின் பெரும்பகுதியை அந்தக் கோபுரத்தின் கடன் விவகாரத்துக்கே கொடுக்கிறேன்.

முதலில் கண்காட்சி. கபூரின் பெரிய காட்சிகள் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது. 2002இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடைத்துக்கொண்டு, மூன்று எஃகு வளையங்களுக்கு இடையே சிவப்புப் பிவிசி சவ்வை இழுத்துக் கட்டிய ‘மார்சியஸ்’ அடுத்த ஏப்ரலில் கழற்றப்பட்டது. 2009 செப்டம்பரில் ராயல் அகாடமி தன் முதன்மைக் கூடங்கள் அனைத்தையும் அவருக்குக் கொடுத்தது. உயிரோடிருக்கும் பிரிட்டிஷ் கலைஞர் ஒருவருக்கு அந்த அகாடமி அப்படிக் கொடுத்தது அதுவே முதல்முறை. சுமார் பதினொரு வாரங்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 2011இல் பாரிஸ் கிரான் பாலே மண்டபத்துக்குள் 35 மீட்டர் உயரத்துக்கு ஊதி நிறுத்திய ‘லெவையதன்’ ஆறே வாரம் இருந்தது. இரண்டே முக்கால் லட்சம் பேர் பார்த்தார்கள். இந்த எண்களைக் காட்டி அவருக்கு மக்களிடையே இருக்கும் ஈர்ப்பைப் பேசுவது வழக்கம். அந்த ஈர்ப்பில் ஒரு பங்கு கடைசித் தேதிக்கு உரியது. அடுத்த மாதம் இருக்காது என்பதால்தான் இந்த வாரம் வரிசையில் நிற்கிறார்கள். காட்சியில் பிசகு இருந்தாலும் அந்தத் தேதியோடு அது மறைந்துவிடும். செலவுக் கணக்கும் அன்றே மூடப்படும்.

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்கு அந்த வசதி கிடையாது. சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் நிற்கும் ‘கிளவுட் கேட்’ (ஊர்க்காரர்களுக்கு அது அவரைவிதை) 60 லட்சம் டாலரில் முடியும் என்று தொடங்கி 2.3 கோடி டாலரில் முடிந்தது. 2004 ஜூலையில் பூங்கா திறந்தபோது வேலை முடியாமலே காட்டினார்கள். பிறகு கூடாரம் போட்டு மூடி, 168 எஃகுத் தகடுகளின் இணைப்புத் தழும்புகளைத் தேய்த்து மறைத்து, 2006 மே மாதம் முறைப்படி ஒப்படைத்தார்கள். சிற்பத்துக்குப் பொதுப் பணம் செலவாகவில்லை, எல்லாம் தனியார் நன்கொடை என்கிறது அதிகாரப்பூர்வக் கணக்கு. அது உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லும்போது ‘பொதுப் பணம்’ என்ற சொல்லுக்குச் சிற்பத்தின் அடிப்பீடம்வரைதான் எல்லை. சிற்பம் நிற்கும் பூங்கா 15 கோடி டாலரில் திட்டமிடப்பட்டு 47.5 கோடியில் முடிந்தது. அதில் 27 கோடியை நகரம் கொடுத்தது. பளபளப்பு மங்காமல் அடிப்பகுதியைத் தினமும் இருமுறை துடைக்கும் வேலைக்கும் கடைசித் தேதி இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிகாகோவில் நன்கொடை நன்கொடையாகவே இருந்தது, கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் அந்தச் சிற்பத்துக்கு வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

லண்டனில் வாசல் இருந்தது. 2009 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில், மேலங்கி கழற்றி வைக்கும் அறையில் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன் லட்சுமி மிட்டலைச் சந்தித்தார் என்பதும், 45 விநாடிப் பேச்சிலேயே எஃகு உறுதியாகிவிட்டது என்பதும் இந்தக் கோபுரத்தின் தலபுராணம். 2010 மார்ச் 31 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 1.91 கோடி பவுண்டு, அதில் மிட்டலின் நிறுவனமான ஆர்செலர்மிட்டல் 1.6 கோடி, லண்டன் வளர்ச்சி முகமை 31 லட்சம். முடிவில் செலவு 2.27 கோடி ஆனது. முகமையின் பங்கு மாறவில்லை, நிறுவனத்தின் பங்கு 1.96 கோடியாக உயர்ந்தது. வடிவமைப்பில் கபூருக்கு இணையாக இருந்தவர் கொழும்பில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். மார்சியஸிலும் இவரே துணை. 114.5 மீட்டர் உயரம், சுமார் 2,000 டன் எஃகு, உச்சியில் பார்வை மாடங்கள், இறங்கி வர 455 படிகள். பெயர், ஆர்செலர்மிட்டல் ஆர்பிட்.

அந்த 1.96 கோடியில் 92 லட்சம் பவுண்டு கொடை அல்ல, கடன். கோபுரம் பின்னாளில் ஈட்டும் லாபத்திலிருந்து அதைத் திருப்பித் தர வேண்டும், வட்டியும் உண்டு. கடனைச் சுமப்பது ஒலிம்பிக் பூங்காவைப் பராமரிக்கும் பொது நிறுவனம். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் வருவார்கள், 12 லட்சம் பவுண்டு லாபம் நிற்கும் என்பது தொடக்கக் கணிப்பு. 2014-15 நிதியாண்டில் நின்றது 5.2 லட்சம் பவுண்டு நஷ்டம், அதாவது வாரத்துக்குப் பத்தாயிரம். லாபம் இல்லாததால் தவணை இல்லை. தவணை இல்லாததால் வட்டி அசலின்மேல் ஏறியது. கடன் ஒரு கோடியைத் தாண்டிப் போயிற்று. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் ‘லாபம் வந்தால்’ என்ற ஒற்றை நிபந்தனையில் இருக்கிறது. லாபம் வராதவரை கடன்காரர் தவணை தவறியவர் ஆகமாட்டார், கடன் கொடுத்தவர் வழக்குப் போடவும் முடியாது. ஆகவே யாரும் தோல்வியை அறிவிக்க வேண்டிய நாள் வருவதே இல்லை. நஷ்டம் நீடித்தால் அந்தப் பணம் நடைமுறையில் நன்கொடை. லாபம் வரத் தொடங்கினால் முதல் பவுண்டு கொடையாளிக்கே போகும், அப்போது அது முதலீடு. இரண்டில் எது நடந்தாலும் கோபுரத்தின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தையே மறைப்பது நமக்குப் பழகிய வேடிக்கை. அங்கேகூட ட்யூப்லைட்டின் விலையில் பாதியைக் கோயில் உண்டியலிலிருந்து திருப்பிக் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

இதற்கு முதல் ஆட்சேபம் நியாயமானது. 31 லட்சம் பவுண்டு போட்டு 2.27 கோடி மதிப்புள்ள ஒன்றை நகரம் பெற்றிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டாத கடன் என்ன கடன். தானம் கொடுத்த மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது அழகா என்று கேட்கலாம். தானம் என்றால் பார்க்கக் கூடாதுதான். மாட்டை ஓட்டி வந்தவர் கறக்கும் பாலில் முதல் செம்பு எனக்கு என்று எழுதி வாங்கியிருந்தால் பல்லையும் பார்க்க வேண்டும், தீவனச் செலவையும் கேட்க வேண்டும். லிஃப்ட், காவல், ஊழியர், காப்பீடு ஆகிய தீவனம் பொது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. வாரம் பத்தாயிரம் போனது அங்கேதான், அதைக் கடன் கொடுத்தவர் பகிர்ந்துகொள்ளவில்லை. லாபத்தில் முதல் உரிமையும் நஷ்டத்தில் பங்கின்மையும் ஒரே கையில் சேர்ந்திருக்கும்போது அதை வள்ளன்மை என்று அறிவித்தது அதிகாரிகளின் சொல்நயம். தனி நிறுவனம் தனக்குச் சாதகமாக ஒப்பந்தம் போடுவதில் அதிசயம் இல்லை. நகரத்தின் சார்பில் கையெழுத்திட்டவர்களிடம்தான் கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் ஐஃபெல் கோபுரம். ஆர்பிட்டைப் பேசியவர்கள் அதை இழுக்காமல் விட்டதில்லை. அதையும் பாரிஸ்காரர்கள் திட்டினார்கள், இன்று அதுதான் ஊரின் முகம் என்பது வாதம். அழகு விஷயத்தில் இந்த வாதத்துக்குப் பதில் கிடையாது, காலம்தான் சொல்ல வேண்டும். கணக்கு விஷயத்தில் ஐஃபெல் நேர் எதிர்ச் சாட்சி. 1889 உலகக் கண்காட்சிக்காக எழுந்த அந்தக் கோபுரத்துக்கு அனுமதி இருபதே ஆண்டு. அந்தக் காலத்தில் வரும் வருமானம் கட்டியவருக்கு, பிறகு கோபுரம் நகரத்துக்கு என்று தேதி போட்டு எழுதப்பட்டது. செலவின் பெரும்பகுதி கண்காட்சி நடந்த முதல் ஆண்டிலேயே நுழைவுச்சீட்டில் திரும்பிவிட்டது. அதாவது, தற்காலிகமானது என்று தேதியோடு தொடங்கிய பொருள், தன் பயனைக் காட்டிய பிறகு நிரந்தரமானது. ஆர்பிட்டில் அந்த வரிசையே தலைகீழ். ஒலிம்பிக் என்ற சில வாரத் திருவிழாவுக்காகக் கட்டப்பட்ட பொருளைத் தொடக்கத்திலேயே நிரந்தரம் என்று அறிவித்து, திருவிழாக் கூட்டம் என்றும் வரும் என்ற கணிப்பின்மேல் கடனை ஏற்றினார்கள். ராயல் அகாடமிக் கண்காட்சி முடிந்து நான்கு மாதம் நிறைவதற்குள் ஆர்பிட் அறிவிக்கப்பட்டது. பதினொரு வாரக் கூட்டத்தை ஆண்டு முழுக்க நீட்டிப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதை யூகிப்பது கடினமல்ல. சிற்பியின் கண்காட்சிப் பட்டியல் இங்கே ஜாமீன் பத்திரமாக வேலை செய்தது என்பது என் வாசிப்பு. அந்தப் பட்டியலில் கூட்டத்தைக் கூட்டிய கடைசித் தேதியை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சிற்பி கணக்கப்பிள்ளை இல்லையே, அவரை ஏன் இழுக்க வேண்டும் என்பது கடைசி ஆட்சேபம். கபூர்மேல் பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. ஒலிம்பிக் நாள்களில் வைத்த 15 பவுண்டு கட்டணம் அதிகம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். நஷ்டத்தை ஈடுகட்ட 2016இல் கோபுரத்தைச் சுற்றி 178 மீட்டர் சறுக்குக்குழாய் பொருத்தப்பட்டபோது, மேயர் அதைத் தன்மேல் திணித்ததாகவும் சொன்னார். சண்டையைத் தவிர்த்துவிட்டு, சறுக்குக்குழாய்களையே கலைப்பொருளாகச் செய்துவந்த கார்ஸ்டன் ஹோலரை அந்த வேலைக்கு அழைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஆனால் பார்க்க வேண்டியது நடந்த முறையை. மார்சியஸில் ஒரு சறுக்குக்குழாயைப் பொருத்தச் சொல்லும் துணிவு எந்த மேயருக்கும் வந்திருக்காது. லாபம் காட்டும் என்ற கணிப்பில் கடன் வாங்கிய பிறகு, சிற்பத்தின் வடிவத்தை மாற்றும் அதிகாரம் சிற்பியிடமிருந்து பேரேட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. வடக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் கபூரும் பால்மண்டும் 2010இல் நிறுவிய ‘டெமனோஸ்’ இதற்கு எதிர் உதாரணம். ஒன்றரைக் கோடி பவுண்டில் ஐந்து பிரம்மாண்டச் சிற்பங்கள் என்று முழங்கிய திட்டத்தில் 27 லட்சத்தில் கட்டப்பட்டது இது ஒன்றுதான். மற்ற நான்கும் அறிவிப்போடு நின்றன. ஆனால் நிற்கும் அந்த ஒன்று யாருக்கும் லாபம் காட்ட வேண்டியதில்லை, ஆகவே அதன் உருவத்தில் யாரும் கை வைக்கவில்லை.

இனி வாசகர் கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்.

இந்தியாவில் அவர் கண்காட்சி வைத்ததே இல்லையா? 2010 இறுதியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவிலும் வைத்தார்.

கறுப்பு நிறத்தையே அவர் விலைக்கு வாங்கிவிட்டாரா? இல்லை, வான்டாபிளாக் என்ற ஒரு நுண்பூச்சைக் கலையில் பயன்படுத்தும் தனியுரிமையை 2016இல் பெற்றார்.

துப்பாக்கிச் சங்க வழக்கு என்ன ஆயிற்று? தங்கள் விளம்பரப் படத்தில் கிளவுட் கேட்டைக் காட்டிய அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின்மேல் 2018இல் வழக்குப் போட்டார். அதே ஆண்டு சமரசமாகி அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

சிற்பத்தைப் புகைப்படம் எடுத்து வெளியிடலாமா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பம் என்றால் தாராளமாக. சில வாரக் கண்காட்சிக்கு வந்ததென்றால் அந்தச் சலுகை பொருந்தாது.