மாத்திரையை அட்டையோடு கேளுங்கள்

ஐப்பசி மழை இறங்கி, கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் முளைத்து நிற்கும் நாட்களில்தான் ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர்களில் சளியும் காய்ச்சலும் கூடும். களையெடுக்கப் போகிறவர் ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போய் வர அரை நாளாவது ஆகும். அதனால், "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது பழகிவிட்டது. இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. கூலிக்கணக்கு அப்படி இருக்கிறது. ஆனால் அந்த ரெண்டு வேளை மாத்திரைக்குப் பின்னால் வரும் செலவு அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

கடையில் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைக் கத்தரியால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துண்டைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயரில் பாதிதான் இருக்கும். காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஓரத்தோடு கடையிலேயே தங்கிவிடும். அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடும் பல நேரம் அதோடு போய்விடும். மருத்துவர் சீட்டில்லாமல் உட்கொள்ளக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அந்தக் கோடு. அதைப் பற்றி மத்திய சுகாதாரத் துறை 2016-ல் நாடு தழுவிய பிரசாரமே நடத்தியது. துண்டு மாத்திரை வாங்குகிறவர் கண்ணில் அது படுவதில்லை.

அந்தத் துண்டுகளில் பல நேரம் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாக இருக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் பொருட்களில் பிளீச்சிங் பவுடரும் காயம் துடைக்கும் கிருமிநாசினியும் உடம்புக்கு வெளியே வேலை செய்பவை. ஆன்டிபயாடிக் உடம்புக்குள் போய் வேலை செய்கிறது. டைபாய்டு, பாக்டீரியாவால் வரும் நிமோனியா, சிறுநீர்த் தொற்று போன்றவற்றில் அது உயிர் காக்கும் மருந்து. சாதாரண சளி, ஃபுளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. அங்கே அதற்கு வேலையே இல்லை.

வேலை செய்யாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன? நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தேவையில்லாமல் ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போனால் வலுவற்றவை செத்து, மருந்தைத் தாங்கியவை பெருகும். தாங்கும் அந்தத் திறனை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அவை கைமாற்றிக் கொடுக்கும். பிறகு நிஜமாகவே ஒரு தொற்று வரும்போது பழைய மருந்து கேட்காது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் உலகில் நேரடியாகச் செத்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர்.

இதற்கான எச்சரிக்கை மணி நம் மாநிலத்திலிருந்தும் அடித்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனம் மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி சென்னை நோயாளிகளின் பாக்டீரியாவிலும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் உலகுக்குச் சொன்னார்கள். 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைச் சமாளிக்க வழி சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் மருந்து விற்பனை விதிகளில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சாசின் போன்றவை அதில் அடக்கம். இவற்றை விற்றால், சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

லீவோஃப்ளாக்சாசினைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமலுக்கு அதைத் தானாக வாங்கித் தின்றால் இருமல் தணிந்ததுபோல் இருக்கும். நோய் உள்ளே வளரும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.

சீமைக்கருவேல முள் குத்தினால் ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் காயத்தில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொடி தோலில் ஒவ்வாமையைக் கிளப்பலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ரண ஜன்னி தடுப்பூசி போடச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கோழிக்கும் இதே கதைதான். வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழியின் அலகைப் பிளந்து காப்ஸ்யூல் மருந்தைக் கொட்டுகிறோம். அது வைரஸ் நோய், தடுப்பூசிதான் காக்கும். அரசு கால்நடை மருந்தகங்கள் ஆண்டுதோறும் அதற்கு முகாம் நடத்துகின்றன. ஆட்டுக்கோ மாட்டுக்கோ ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும், எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

மருந்து வாங்குகிறவருக்குச் சில உரிமைகள் உண்டு. மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டும். "இது ஆன்டிபயாடிக்கா, எதற்கு, எத்தனை நாள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் சொன்ன நாள் கணக்கை நீங்களாகக் குறைக்காதீர்கள். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து தின்றதும் மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே 108. மற்ற பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

கடையில் அட்டையோடும் ரசீதோடும் கேளுங்கள். முழு அட்டை வேண்டாமென்றால், பெயரும் தேதியும் தெரியும் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்றால், காலாவதியானதைக் கொடுத்தால், மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ரசீது தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நஷ்டம் ஏற்பட்டிருந்தால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.