உங்களுக்குத் தெரியுமா? தேயிலையோடு வறுத்த அரிசி!

குச்சவெளிக் கடைகளில் தேத்தண்ணி கேட்டால் சாயம் தூக்கலான பிளேன்டீ வரும், இல்லையென்றால் பால் தேத்தண்ணி. தேயிலை மலையகத்தில் விளைவது. நெல் திருகோணமலை மாவட்டத்து வயல்களிலேயே உண்டு. இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்த்தவர்கள் ஜப்பானியர். அந்தப் பானத்தின் பெயர் கென்மைச்சா.

தவிடு நீக்காத அரிசியை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பொன்னிறமாக வறுப்பார்கள். சில மணிகள் வெடித்து வெள்ளைப் பொரியாகிவிடும். பிறகு பச்சைத் தேயிலையோடு பெரும்பாலும் சரிக்குச் சரி எடையில் கலப்பார்கள். பாதி அரிசி என்பதால் கஃபீன் குறைவு.

வாசம் நமக்குப் புதிதல்ல: புட்டுக்கு அரிசிமா வறுக்கும்போது எழுமே, அதேதான். சூட்டில் அரிசியின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பைரசீன் என்ற மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. இலையும் வேற்றுச் செடியல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நம் மலையகத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிகத்துக்காகப் பயிரிட்ட அதே தேயிலை இனம்தான். நம் கறுப்புத் தேயிலையை வாடவிட்டு, உருட்டி, காற்றில் நிறம் மாற விடுகிறார்கள். ஜப்பானியர் பறித்ததும் ஆவி காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் பச்சை.

வீட்டிலும் முயலலாம். சிவப்புப் பச்சையரிசியைத் தாச்சியில் எண்ணெயின்றி, கருகவிடாமல் வறுத்து, பச்சைத் தேயிலையோடு கலந்து, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள். கூடுதல் நேரம் ஊறினால் கசக்கும். பாலும் சீனியும் வேண்டாம். அரிசி வாசம் அமுங்கிப்போகும்.